பல்லில் பூசும் ஃபுளோரைடு எவ்வளவு ஏறும் என்பதை எவையெல்லாம் தீர்மானிக்கின்றன?

கரும்பலகை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் திருச்சியில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பிப்பவன். பல் மருத்துவத்தில் எனக்குப் பயிற்சி இல்லை. என் மகளுக்கு ஏழு வயது. சென்ற ஆண்டு ஒரு பல் மருத்துவமனையில் முதலில் சுழலும் ரப்பர் கிண்ணத்தால் அவள் பற்களை நன்றாகத் தேய்த்து மெருகூட்டினார்கள். பிறகு ஜெல் நிரப்பிய தட்டுகளை மேலும் கீழும் வைத்து, நான்கு நிமிடம் கடித்துக்கொண்டிருக்கச் சொன்னார்கள். நாற்காலியில் அண்ணாந்து படுத்திருந்ததால் ஜெல்லில் பாதியை அவள் விழுங்கிவிட்டாள். வீடு வந்து சேருமுன்பே வாந்தி எடுத்தாள். இந்த ஆண்டு நாங்கள் சென்ற வேறொரு மருத்துவர் மெருகூட்டவே இல்லை. பஞ்சுத் துணியால் பற்களைத் துடைத்துவிட்டு, மஞ்சள் நிறப் பிசின் போன்ற ஒன்றைச் சிறு தூரிகையால் இரண்டு நிமிடத்தில் தடவி அனுப்பிவிட்டார்.

இரண்டிலும் இருப்பது ஃபுளோரைடு என்கிறார்கள். ஒரே வினைபொருள், ஒரே பரப்பு. செய்முறை மட்டும் ஏன் இவ்வளவு மாறுபடுகிறது? பல்லில் ஃபுளோரைடு ஏறுவதைத் தீர்மானிப்பது செறிவா, நேரமா, அமிலத்தன்மையா, அல்லது பல்லின் நிலையா? துறை சார்ந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பால்பல்

கோவையில் குழந்தைகளுக்கான பல் மருத்துவம் செய்து வருகிறேன். முதலில் உங்கள் மகளின் வாந்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்த ஜெல்லில் 1.23 சதவீதம், அதாவது 12,300 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 12,300 பங்கு) ஃபுளோரைடு இருக்கும். இரு தட்டுகளிலும் சேர்த்து 5 மில்லி இட்டால் அதில் ஏறத்தாழ 61 மில்லிகிராம் ஃபுளோரைடு சேர்ந்துவிடும். உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் உள்ளே போனால் உடனடி மருத்துவக் கவனிப்பு தேவை என்பது எங்கள் துறை கொண்டிருக்கும் எல்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த எல்லை எட்டாமல் இருந்திருக்கலாம்; பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு அதே அளவு எல்லையைத் தாண்டிவிடும். ஆகவேதான் ஆறு வயதுக்குக் கீழே ஜெல் வேண்டாம், வார்னிஷ் (இந்த ஆண்டு உங்கள் மகளுக்குத் தடவிய பிசின் போன்றது) மட்டும் போதும் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2013 ஆம் ஆண்டுப் பரிந்துரை சொல்கிறது. பெரிய பிள்ளைகளுக்கும் நிமிர்ந்து உட்கார வைத்து, தட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல், எச்சில் உறிஞ்சும் குழாயை வாயில் வைத்தபடியேதான் செய்ய வேண்டும். அண்ணாந்து படுக்க வைத்தது தவறு.

மெருகூட்டுவதைப் பற்றி: நான் படித்த காலத்தில் அதுவும் கட்டாயம் என்றே சொல்லிக் கொடுத்தார்கள். பல்லின் மேல் எச்சில் புரதங்களால் ஆன மெல்லிய படலம் ஒன்று எப்போதும் படிந்திருக்கும். அது ஃபுளோரைடைத் தடுத்துவிடும் என்பது அன்றைய நம்பிக்கை. 1980களில் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, மெருகூட்டிவிட்டு ஜெல் வைத்தவர்களுக்கும் மெருகூட்டாமலே வைத்தவர்களுக்கும் சொத்தை குறைந்ததில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இன்னொரு முரணும் இதில் உண்டு. பல்லின் கடினமான மேலோடான எனாமலின் வெளிப்புற விளிம்பில்தான் ஃபுளோரைடு மிகுதி. உள்ளே செல்லச் செல்லச் செங்குத்தாகக் குறையும். மெருகூட்டும் பசை அந்த வெளி அடுக்கைத்தான் கொஞ்சம் சுரண்டி எடுக்கிறது. அழுக்கு திட்டுத் திட்டாகப் படிந்திருந்தால் பிரஷால் துலக்கிவிட்டுத் தொடங்கலாம். மற்றபடி இரண்டாவது மருத்துவர் செய்ததில் குறை ஒன்றுமில்லை.

வார்னிஷ் எச்சில் பட்டவுடன் இறுகிப் பல்லோடு ஒட்டிக்கொள்ளும். பல்லை முற்றிலும் காயவைக்கத் தேவையில்லை. தட்டு நான்கு நிமிடம் நின்றால், வார்னிஷ் பல மணி நேரம் பல்லின் மேலேயே தங்கும். அன்று கடினமான உணவும் சூடான பானமும் தவிர்க்கச் சொல்லி, மறுநாள் காலைதான் பல் துலக்கச் சொல்வது அதற்காகத்தான். தொடுநேரம் என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தாலே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

மூன்றாமாண்டு

பல் மருத்துவ மாணவன் என்ற முறையில் ஒரு கருத்து. இதைச் செறிவாலேயே விளக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். ஜெல்லில் 12,300 பிபிஎம். 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு வார்னிஷில் 22,600. சொத்தையில் தடவும் வெள்ளிச் சேர்மமான 38 சதவீத சில்வர் டயமைன் ஃபுளோரைடில் 44,800. செறிவு கூடக் கூடப் பல்லில் ஏறுவதும் கூடும். ஏறுவது கூடக் கூடப் பாதுகாப்பும் கூடும். தேர்வுக்கும் இந்த வரிசையில்தான் படிக்கிறோம்.

மின்முனை

தேர்வில் மதிப்பெண் கிடைக்கும், ஆனால் எனாமல் அந்த வரிசைக்குக் கட்டுப்படாது. முனைவர் பட்டத்துக்காக மாட்டுப் பற்களை வில்லைகளாக அறுத்து, அவற்றில் ஃபுளோரைடு எவ்வளவு ஏறியது என்று அளந்தே நான்கு ஆண்டுகளைக் கழித்தவன் நான். அந்த மேசையிலிருந்து சொல்கிறேன்.

"ஏறியது" என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது உண்மையில் இரண்டு வெவ்வேறு பொருள்கள். ஒன்று, எனாமலின் மேற்பரப்பில் நுண்ணிய உருண்டைகளாகப் படியும் கால்சியம் ஃபுளோரைடு போன்ற பொருள். மற்றொன்று, எனாமல் படிகத்துக்குள்ளேயே ஹைட்ராக்சில் இருந்த இடத்தில் போய் அமர்ந்துவிட்ட ஃபுளோரைடு. ஆய்வகத்தில் இவற்றை இப்படிப் பிரிப்போம்: வில்லையை 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 24 மணி நேரம் ஊறவைத்தால் முதல் வகை மட்டும் கரைந்து வந்துவிடும், படிகத்துக்குள் இருப்பது அசையாது. பிறகு அதே வில்லையை அமிலத்தால் அடுக்கடுக்காகக் கரைத்து, ஒவ்வொரு அடுக்கிலும் ஃபுளோரைடை அயனி மின்முனையால் அளப்போம். கரைந்த கால்சியத்திலிருந்து அந்த அடுக்கின் தடிமனைக் கணக்கிடுவோம். செறிவு மிகுந்த பொருளைப் பூசிய வில்லைகளில் என் கையில் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் முதல் வகைதான். படிகத்துக்குள் புகுந்தது அதன் அருகில் வைத்துப் பார்க்கும்போது சொற்பம்.

இனி அமிலத்தன்மை. கால்சியம் ஃபுளோரைடு உருவாக வேண்டுமென்றால் கால்சியம் எங்கிருந்தோ வர வேண்டும். எச்சிலிலிருந்து கொஞ்சம் வரும். மீதியைப் பல்லே தர வேண்டும். நடுநிலைக் கரைசலில் பல் எளிதில் கால்சியத்தை விட்டுத்தராது. 1940களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணியைச் சேர்ந்த நட்சன் வகுத்த முறையில் நடுநிலையான 2 சதவீத சோடியம் ஃபுளோரைடை வாரம் ஒருமுறை, நான்கு முறை பூசினார்கள். தொடக்கத்தில் வேகமாகப் படியும் கால்சியம் ஃபுளோரைடு அடுக்கே தடுப்புச் சுவராகி, அடுத்து வரும் ஃபுளோரைடு உள்ளே பரவுவதை மட்டுப்படுத்திவிடும். எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் ஏறுவது நேர்கோட்டில் கூடாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1960களின் தொடக்கத்தில் பாஸ்டனின் ஃபோர்சித் நிலையத்தில் புருடெவோல்டும் உடனிருந்தோரும் கரைசலைப் பாஸ்பாரிக் அமிலத்தால் அமிலமாக்கினார்கள். நீங்கள் குறிப்பிட்ட ஜெல் அதன் வழித்தோன்றல், அதன் பி.எச். 3 முதல் 3.5 வரை இருக்கும். செறிவு 20,000 பிபிஎம்மா 12,000 பிபிஎம்மா என்பதைக் காட்டிலும் இந்த பி.எச். மாற்றம் ஏற்றத்தைக் கூடுதலாக மாற்றுகிறது. மூன்றாமாண்டு நண்பரின் வரிசை இந்த இடத்திலேயே தடுமாறுகிறது: வார்னிஷில் செறிவு கூடுதல்தான், ஆனால் அதில் பெரும்பகுதி பிசினுக்குள் கரையாத சோடியம் ஃபுளோரைடு துகள்களாக இருக்கிறது. எச்சில் உள்ளே ஊறித் துகளைக் கரைத்த பிறகுதான் அது பல்லைச் சந்திக்கும். லேபிளில் உள்ள எண் வேறு, பல்லைத் தொடும் எண் வேறு.

பால்பல்

துகள் என்று சொன்னதும் என் தவறு ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒருமுறை பயன்படுத்தும் சிறு கிண்ணங்களில் வரும் வார்னிஷை அலமாரியில் மாதக்கணக்கில் ஒரே நிலையில் வைத்திருந்தால், வெண்மையான துகள்கள் அடியில் படிந்து, மேலே தெளிந்த பிசின் நிற்கும். தொழில் தொடங்கிய புதிதில், கிளறாமல் மேலாகத் தோய்த்துத் தோய்த்து எத்தனை பிள்ளைகளுக்கு வெறும் பிசினைப் பூசி அனுப்பினேனோ தெரியாது. இப்போது தூரிகையின் நுனி கிண்ணத்தின் அடியைத் தொடும்படி நன்றாகக் கிளறிய பிறகே வாய்க்குக் கொண்டுபோகிறேன். ஏற்றத்தைத் தீர்மானிக்கும் காரணிகளில் இதைப் பாடநூல்கள் முன்வரிசையில் வைப்பதில்லை.

கரும்பலகை

நன்றி. மின்முனை அவர்களின் விளக்கத்தைச் சமன்பாடாக எழுதிப் பார்த்தேன். எனாமலின் தாதுவான அபடைட்டின் ஓர் அலகு முழுவதும் கால்சியம் ஃபுளோரைடாக மாற 20 ஃபுளோரைடு அயனிகளோடு 8 ஹைட்ரஜன் அயனிகளும் தேவைப்படுகின்றன. ஆக, அமிலம் இங்கே வெறும் துணைப்பொருள் இல்லை, வினைபொருளே அதுதான். ஆனால் பல்லைக் காப்பதற்காகப் பல்லையே கரைக்கிறோம் என்பது முரணாக இல்லையா? மேலும், எத்தனையோ அமிலங்கள் இருக்கப் பாஸ்பாரிக் அமிலத்தை ஏன் தேர்ந்தார்கள்?

மின்முனை

கேள்விக்குள்ளேயே விடையும் இருக்கிறது, ஐயா. உங்கள் வகுப்பில் நடத்தும் லெ சாட்டிலியர் கொள்கைதான். அபடைட் கரையும்போது பாஸ்பேட் வெளிவரும். கரைசலில் பாஸ்பேட் ஏற்கெனவே நிறைந்திருந்தால் சமநிலை பின்னோக்கித் தள்ளப்பட்டு, எனாமல் தாறுமாறாகக் கரைவது தடுக்கப்படும். மேற்பரப்பை இலேசாகத் தளர்த்த வேண்டும், அரித்துவிடக் கூடாது. இதன் பக்கவிளைவு ஒன்றையும் சொல்ல வேண்டும்: இந்த அமில ஜெல் பீங்கான் உறையையும் சில பல்நிற நிரப்பிகளையும் சொரசொரப்பாக்கும். அப்படிப்பட்ட வாய்களுக்கு நடுநிலை ஜெல்லே ஏற்றது.

பால்பல்

பல்லின் நிலையைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. என் அனுபவத்தில் மற்ற எல்லாவற்றையும்விட அதுவே பெரிய காரணி.

ஈறைக் கிழித்துக்கொண்டு புதிதாக வெளிவரும் பல் முழுதாக முதிர்ந்திருக்காது. எனாமலில் நுண்துளைகள் மிகுதி. வாய்க்குள் வந்த பிறகுதான் எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் ஃபுளோரைடும் அவற்றில் ஊறி ஊறி மேற்பரப்பு இறுகும். ஆகவே முளைத்த புதிதில் பூசினால் நிறைய ஏறும்; சில ஆண்டுகள் கழிந்த பல்லில் அதே மருந்தை அதே நேரம் வைத்தாலும் குறைவாகவே ஏறும். நட்சன் தம் முறைக்கு 3, 7, 11, 13 ஆகிய வயதுகளைக் குறித்தது தற்செயல் இல்லை: பால் பற்கள் முளைத்து முடியும் வயது, முதல் நிரந்தரக் கடைவாய்ப்பற்களும் முன்பற்களும் வரும் வயது, பிறகு முன்கடைவாய்ப்பற்கள், பிறகு இரண்டாம் கடைவாய்ப்பற்கள். உங்கள் மகள் சரியான வயதில் இருக்கிறாள்.

இரண்டாவது, சொத்தையின் தொடக்கம். முன்பல்லின் ஈறு ஓரத்தில் சுண்ணாம்பு தடவியது போல ஒரு வெண்புள்ளி தெரியும். காற்றூதிக் காயவைத்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். அங்கே உள்ளடுக்கிலிருந்து தாது கரைந்து போய், எனாமல் துளைகள் நிறைந்து கிடக்கிறது. நல்ல எனாமலைவிட அந்த இடம் பல மடங்கு ஃபுளோரைடை இழுத்துக்கொள்ளும். தேவை உள்ள இடமே கூடுதலாக வாங்கிக்கொள்கிறது. இயற்கை இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதை என் தொழிலில் அடிக்கடி பார்ப்பதில்லை. முதியவர்களுக்கு ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும்போதும் இதே கதைதான்: வேரை மூடியிருக்கும் சிமெண்டம், அதன் அடியிலுள்ள டென்டின் ஆகியவற்றின் படிகங்கள் எனாமல் படிகங்களைவிட மிகச் சிறியவை, மொத்தப் பரப்பு கூடுதல், எனவே ஏற்றமும் கூடுதல்.

மூன்றாமாண்டு

> பல மடங்கு ஃபுளோரைடை இழுத்துக்கொள்ளும்

அப்படியானால் என் அடிப்படைக் கருத்து நிற்கத்தானே செய்கிறது? செறிவுக்குப் பதிலாகப் பல காரணிகள் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் இறுதியில் எனாமலுக்குள் ஃபுளோரைடு எவ்வளவு ஏறியதோ அவ்வளவு பாதுகாப்பு என்பது மாறவில்லையே. ஹைட்ராக்சில் உள்ள அபடைட்டான ஹைட்ராக்ஸிஅபடைட் கரையத் தொடங்கும் பி.எச். ஏறத்தாழ 5.5, அந்த இடத்தில் ஃபுளோரைடு அமர்ந்த ஃபுளோரபடைட்டுக்கு 4.5 என்று படித்திருக்கிறோம்.

மின்முனை

இந்த எண்ணம் உங்களுடையது மட்டுமல்ல. முப்பது நாற்பது ஆண்டுகள் துறை முழுவதும் அப்படித்தான் எண்ணியது. நானும் அதை நம்பித்தான் வில்லைகளை அறுக்கத் தொடங்கினேன். அதை அசைத்தவை பல. அவற்றில் எனக்குப் பிடித்தது சுறாமீன் பல்.

சுறாவின் பல் எனாமல் கிட்டத்தட்ட முழுமையான ஃபுளோரபடைட். அதில் ஃபுளோரைடு 30,000 பிபிஎம் அளவில் இருக்கும். மனித எனாமலின் வெளியடுக்கிலேயே ஓரிரு ஆயிரம் பிபிஎம்தான். நார்வேயின் ஒகார்டும் உடனிருந்தோரும் சுறா எனாமலையும் மனித எனாமலையும் மனித வாய்க்குள் பொருத்தி, மேலே பல்லழுக்கு படியவிட்டு, 1988 இல் முடிவை வெளியிட்டார்கள். சுறா எனாமலிலும் சொத்தை விழுந்தது. மனித எனாமலைவிடக் குறைவாகத்தான், ஆனால் விழுந்தது. எந்த வார்னிஷும் எந்த ஜெல்லும் நம் பல்லை ஒருநாளும் அந்த 30,000 என்ற நிலைக்குக் கொண்டுபோகப் போவதில்லை.

மறுபுறம், எனாமலுக்குள் ஃபுளோரைடு சேராவிட்டாலும், அதைச் சூழ்ந்த அமிலக் கரைசலில் 1 பிபிஎம்முக்கும் குறைவான ஃபுளோரைடு கரைந்திருந்தாலே, தாது கரைவது மட்டுப்படுவதையும் கரைந்தது திரும்பப் படிவது விரைவதையும் ஆய்வகத்தில் காண முடிகிறது. அதாவது காவல் வேலையைச் செய்வது உள்ளே பூட்டி வைத்த ஃபுளோரைடு அல்ல. அமிலம் தாக்கும் நேரத்தில் பல்லுக்கும் அழுக்குக்கும் இடையிலுள்ள திரவத்தில் கையிருப்பாக இருக்கும் ஃபுளோரைடு.

இதைக் கொண்டு பார்த்தால், முன்பு வீண் என்று ஒதுக்கப்பட்ட அந்தக் கால்சியம் ஃபுளோரைடு உருண்டைகளுக்கு மதிப்பு வந்துவிடுகிறது. வாயில் அவற்றின் மேல் பாஸ்பேட்டும் புரதமும் படிந்து, நடுநிலை பி.எச். இல் அவை சட்டென்று கரையாமல் காக்கின்றன. அழுக்கில் உள்ள பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அமிலம் சுரக்கும்போது அந்தப் பாஸ்பேட் உறை விலகி, உருண்டை கரைந்து ஃபுளோரைடை விடுகிறது. சிறு வைப்பகம் போல. ஆகவே நான் இப்போது மாணவர்களைக் கேட்கச் சொல்லும் கேள்வி, எவ்வளவு ஏறியது என்பதல்ல. எந்த வடிவில் ஏறியது, எத்தனை நாள் தங்கும், எப்போது வெளிவரும் என்பதுதான்.

அதியமான்கோட்டை

உரையாடலை ஆர்வத்துடன் படித்தேன். எங்கள் தர்மபுரிப் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பதும், அதனால் பலருடைய பல் பழுப்பேறிக் கிடப்பதும் ஊரறிந்த செய்தி. என் அண்ணன் மகனுக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கிறது, கடைவாயில் சொத்தையும் இருக்கிறது. ஏற்கெனவே ஃபுளோரைடு மிகுந்த பல்லில் மேலும் ஃபுளோரைடு பூசலாமா? பூசினால் கறை கூடுமா?

பால்பல்

கறை கூடாது. அந்தக் கறையும் வெண்திட்டும் பல் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில் ரத்தத்தின் வழியே வந்த ஃபுளோரைடால் நேர்ந்தவை. வெளிவந்து முடிந்த பல்லை மேலே பூசும் மருந்து அப்படி மாற்றாது. விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. ஏனெனில் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் பற்கள் இன்னும் இருக்கக்கூடும்.

பாதிக்கப்பட்ட எனாமலில் மேலே நன்கு தாதுவேறிய மெல்லிய அடுக்கும், அதன் அடியில் துளைகள் மிகுந்த அடுக்கும் இருக்கும். மேலடுக்கு முழுதாக இருக்கும்வரை உள்ளே ஏறுவது குறைவு. பாதிப்பு கடுமையாக இருந்து மேலடுக்கு பெயர்ந்து குழி விழுந்துவிட்டால், அடியிலுள்ள துளையடுக்கு வெளிப்பட்டு, அழுக்கும் அங்கே தங்கும், சொத்தையும் விழும். ஃபுளோரைடு மிகுந்த ஊரில் சொத்தையே வராது என்பது சரியில்லை. கடைவாய்ச் சொத்தையை மருத்துவரிடம் காட்டி அடைத்துவிட்டு, வார்னிஷ் பூசலாமா என்பதை அவரையே நேரில் பார்த்து முடிவு செய்யச் சொல்லுங்கள். குடிக்கும் நீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கிறதா என்பதையும் சோதித்துவிடுங்கள். இந்தியத் தர நிர்ணயத்தில் அதுவே ஏற்கத்தக்க அளவு, மாற்று நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை.

முத்துச்சிமிழ்

இத்தனை நுணுக்கமும் மருத்துவமனையில் ஆண்டுக்கு இரண்டு முறை நடப்பதைப் பற்றியதாக இருக்கிறது. வீட்டில் நாள்தோறும் இரண்டு வேளை பற்பசையால் துலக்குகிறோமே, அது கணக்கில் வராதா? என் பிள்ளைகள் துலக்கி முடித்தவுடன் நான்கைந்து முறை வாய் கொப்பளிப்பார்கள். நானும் அப்படித்தான் பழக்கியிருக்கிறேன்.

மின்முனை

அம்மா, மேலே நான் சொன்ன கையிருப்பை நாள்தோறும் நிரப்புவது பற்பசைதான். அதில் மூன்று இடங்களில் ஃபுளோரைடு வீணாகிறது.

முதல் இடம் டியூபுக்கு உள்ளேயே. நம் நாட்டில் விலை குறைந்த பற்பசைகள் பலவற்றில் தேய்க்கும் பொருள் சுண்ணாம்புத் தூளான கால்சியம் கார்பனேட். அதோடு சோடியம் ஃபுளோரைடைச் சேர்த்தால் டியூபிலேயே கால்சியத்தோடு பிணைந்து பயனற்றுப் போகும். ஆகவே அவற்றில் சோடியம் மோனோஃபுளோரோபாஸ்பேட் சேர்க்கிறார்கள். அது எச்சிலிலும் அழுக்கிலும் உள்ள நொதிகளால் உடைபட்ட பிறகே ஃபுளோரைடைத் தரும். நாள்பட நாள்பட, அதுவும் வெயில்படும் சன்னலோரத்தில் கிடந்தால், டியூபுக்குள்ளேயே அது மெல்ல உடைந்து சுண்ணாம்போடு சேர்ந்துவிடும். சட்டப்படி நம் பற்பசையில் 1,000 பிபிஎம்முக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது. அந்த ஆயிரத்திலும் ஒரு பகுதி பழைய டியூபில் வேலைக்கு உதவாத நிலையில் இருக்கலாம்.

இரண்டாவது இடம், நீங்கள் சொன்ன கொப்பளிப்பு. நுரையைத் துப்பிவிட்டு அப்படியே விட்டுவிடுவது நல்லது. மனம் ஒப்பாவிட்டால் ஒரு வாய் நீர் போதும். அதற்கு முன்பே பசையின் அளவைக் குறைத்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்: மூன்று வயதுக்குக் கீழே அரிசி மணி அளவு, ஆறு வயதுவரை பட்டாணி அளவு.

மூன்றாவது, எச்சில். நாக்குக்கு அடியில் எச்சில் சுரக்கும் துளைகள் இருப்பதால் கீழ் முன்பற்களின் உட்புறம் விரைவில் கழுவப்பட்டுவிடும்; மேல் முன்பற்களின் வெளிப்புறத்தில் ஃபுளோரைடு நெடுநேரம் தங்கும். ஒரே வாயில், ஒரே துலக்கலில், பல்லுக்குப் பல் கணக்கு மாறுகிறது. உறங்கும்போது எச்சில் ஏறத்தாழ நின்றேவிடுவதால், இரவுத் துலக்கலின் ஃபுளோரைடு விடியும்வரை ஓரளவு நிற்கும். காலைத் துலக்கலை ஒருநாள் தவறவிட்டாலும் பரவாயில்லை, இரவில் தவறவிடாதீர்கள்.

கரும்பலகை

எல்லோருக்கும் நன்றி. இதைப் படித்த கையோடு எங்கள் குளியலறைக்குப் போய்ப் பார்த்தேன். மகளின் டியூபில் இருப்பது மோனோஃபுளோரோபாஸ்பேட்டும் கால்சியம் கார்பனேட்டும்தான். மலிவாகக் கிடைத்ததென்று மொத்தமாக வாங்கி, மேற்கு வெயில் விழும் அலமாரியில் அடுக்கி வைத்திருந்தேன். உற்பத்தித் தேதி ஏறக்குறைய இரண்டு ஆண்டு பழையது. வேதியியல் ஆசிரியர் வீட்டில் இது நடந்திருக்கிறது என்பதை மாணவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

பால்பல் அவர்களுக்கு ஒரு கடைசிக் கேள்வி: அடுத்த வார்னிஷ் ஆறு மாதம் கழித்து என்று எழுதித் தந்திருக்கிறார்கள். அதற்குள் அவளுக்குக் கடைவாய்ப்பல் இன்னொன்று முளைத்துவிட்டால் முன்கூட்டியே அழைத்துப் போக வேண்டுமா?

பால்பல்

முதல் கடைவாய்ப்பற்களில் நான்காவது இப்போதுதான் தலைகாட்டுகிறது என்றால், அதன் மேற்பரப்பு முழுதாக வெளியே தெரிந்ததும் ஒருமுறை காட்டிவிடுங்கள். பிளவுகளைப் பூச்சால் அடைக்கத் தேவைப்படுமா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். நான்கும் வந்துவிட்டன என்றால் ஆறு மாதம் போதும். அடுத்த கடைவாய்ப்பல் பன்னிரண்டு வயதை ஒட்டித்தான் வரும். போகும்போது, தூரிகையைத் தோய்க்குமுன் கிண்ணத்தைக் கிளறுகிறார்களா என்று மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.